அடக்க ஆராதனைச் செய்தி: பிலிப்பியர் 3:20-21-ஐ எப்படிப் பேசுவது?

இளையபோதகன் · வியாழன், இரவு 8:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடக்க ஆராதனைக்கு அழைப்பு வந்தால் தயாரிக்கப் பாதி நாள்கூடக் கிடைப்பதில்லை. அதனால் ஒரு செய்தியைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம் என்று பிலிப்பியர் 3:20-21-ஐ எடுத்திருக்கிறேன். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." இடம்: தென்தமிழ்நாட்டில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பந்தலுக்குள் இருநூறு பேர், அதில் பாதிப் பேர் கிறிஸ்தவரல்லாத சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும். நேரம் 12 நிமிடம்.

பிலிப்பி பட்டணத்துப் பின்னணி எவ்வளவு வேண்டும்? யோவான் 14:2-ஐயும் எபிரெயர் 11-ஐயும் சேர்க்கலாமா? இந்த வசனத்தில் பிரசங்கிகள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்?

மேய்ப்பன்கோல் · வியாழன், இரவு 9:05

சறுக்குவது வசனத்தை வெட்டும் இடத்தில்தான் தம்பி. 20-ஆம் வசனத்தின் முதல் பாதியோடு நிறுத்திவிட்டு, "இந்த உலகம் நம்ம ஊர் இல்லை, அக்கா சொந்த ஊருக்குப் போயிட்டாங்க" என்று முடித்துவிடுவார்கள். பவுல் அங்கே நிறுத்தவில்லை. "அங்கேயிருந்து கர்த்தராயிருக்கிற இயேசுகிறிஸ்து என்னும் இரட்சகர் வர எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று தொடர்கிறார். வசனத்தில் யாரும் மேலே போகவில்லை. மேலிருந்து ஒருவர் வருகிறார். வந்து என்ன செய்கிறார் என்பது 21-ல் இருக்கிறது: "நம்முடைய அற்பமான சரீரத்தைத் தம்முடைய மகிமையான சரீரத்திற்கு ஒப்பாக மறுரூபப்படுத்துவார்."

பெட்டி கண்முன்னே இருக்கிறது. அதற்குள் கிடக்கும் சரீரத்தைப் பற்றிப் பேசும் வசனம் 21 தான். அதை விட்டுவிட்டு 20-ஐ மட்டும் பேசினால், "உடம்பு வெறும் கூடு, ஆத்துமா பறந்துபோச்சு" என்ற பேச்சில்தான் போய் நிற்கும். அதைச் சொல்ல பைபிள் தேவையில்லை, கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவே போதும். ஞாயிறுதோறும் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று விசுவாசப்பிரமாணம் சொல்லும் சபை, அடக்கத்தன்று அதை மறந்துவிடுகிறது.

12 நிமிடத்தில் 5 நிமிடத்தை 21-ஆம் வசனத்துக்கு ஒதுக்குங்கள். பின்னணிக்கு 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "குடியிருப்பு" என்பதற்கு மூலத்தில் உள்ள, குடியுரிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பந்தலுக்குள் இழுத்துவரவே வேண்டாம். அது வேதபாட வகுப்புக்கு.

பழைய_ஏடு · வியாழன், இரவு 9:50

பின்னணியை முழுதாகத் தருகிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று பிறகு பார்க்கலாம்.

பட்டணத்துக்குப் பெயர் வந்தது மக்கெதோனியாவின் இரண்டாம் பிலிப்பிடமிருந்து, கி.மு. 356-ல் அவர் கைப்பற்றினார். பக்கத்து மலையில் தங்கச் சுரங்கம் இருந்ததுதான் ஈர்ப்பு. கி.மு. 42 அக்டோபரில் ஊருக்கு வெளியே இரண்டு சுற்றாகப் போர். ஒருபக்கம் அந்தோணியும் ஒக்டேவியனும், மறுபக்கம் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டசும் காசியசும். முதல் சுற்றில் காசியஸ், இரண்டாம் சுற்றில் புரூட்டஸ், இருவருமே தற்கொலை செய்துகொண்டார்கள். வென்றவர்கள் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு அங்கே நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். கி.மு. 31-ல் ஆக்டியம் போரில் அந்தோணி தோற்றபின், ஒக்டேவியன் இத்தாலியில் நிலம் பறிக்கப்பட்டவர்களையும் அங்கே குடியேற்றினார். அப்போதிலிருந்து அது முழு ரோமக் குடியேற்ற நகரம். இத்தாலிய மண்ணுக்குரிய உரிமை அதற்கும் கிடைத்ததால் நிலவரி, தலைவரி இரண்டும் கிடையாது. சட்டம் ரோமச் சட்டம், கல்வெட்டுகள் பெரும்பாலும் லத்தீனில். ஆசியாவையும் ரோமையும் இணைத்த எக்னேஷியா நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போனது.

அப்போஸ்தலர் 16 இந்தச் சூழலோடு அப்படியே பொருந்துகிறது. 12-ஆம் வசனத்திலேயே "ரோமர் குடியேறினதுமான பிலிப்பி பட்டணம்" என்று வருகிறது. 21-ல் குற்றச்சாட்டு, "ரோமராகிய நாங்கள்" ஏற்கத்தகாத முறைமைகளைப் போதிக்கிறார்கள் என்பது. அடிவாங்கிச் சிறையில் கிடந்த பவுல் மறுநாள் காலையில் தானும் ரோமன் என்று சொன்னதும் அதிகாரிகள் பயந்துபோகிறார்கள் (37-39). குடியுரிமை என்றால் அந்த ஊரில் முதுகு தப்புமா தப்பாதா என்ற விஷயம்.

இதில் பந்தலுக்கு வேண்டியது நாலே வாக்கியம். பிலிப்பி ரோமிலிருந்து பல நூறு மைல் தள்ளியிருந்த ஊர். ஆனால் அங்கே இருந்த ரோமர்களின் பெயர் ரோமக் குடிமக்கள் பதிவில் இருந்தது. அவர்கள் அங்கே குடிவைக்கப்பட்டது ரோமுக்குத் திரும்பிப்போக அல்ல, அங்கேயே ரோமராக வாழ. ஆபத்து வந்தால் காப்பாற்ற ரோமிலிருந்து ஆள் வரவேண்டும். இதைச் சொல்லிவிட்டு நேராக வசனத்துக்கு வந்துவிடுங்கள். ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் பேரரசர்களுக்கு "இரட்சகர்" என்ற பட்டம் கல்வெட்டுகளில் சாதாரணம். பவுலோ அதை அபூர்வமாகத்தான் எடுக்கிறார், அதை இந்த ஊருக்கு எழுதும்போது எடுக்கிறார். ஆர்வமுள்ள சபையென்றால் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

மார்த்தாள் · வியாழன், இரவு 10:30

பழைய_ஏடு ஐயா சொன்ன நாலு வாக்கியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. "நாம் பரலோகத்தின் காலனி, இந்த ஊரைப் பரலோகமாக்க வந்தவர்கள்" என்று நீட்டிவிடாதீர்கள். மேல்நாட்டுப் பிரசங்கங்களில் இது சகஜம். குடியேற்ற நகரம் என்றால் ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் நிலத்தை எடுத்துப் பட்டாளக்காரனுக்குக் கொடுத்தது. பந்தலுக்குள் பாதிப் பேர் கிறிஸ்தவரல்லாதவர்கள் என்கிறீர்கள். அவர்கள் காதில் இது எப்படி விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிலிப்பி சபையில் எத்தனை பேருக்கு ரோமக் குடியுரிமை இருந்திருக்கும்? லீதியாள் தியத்தீராவிலிருந்து வந்த இரத்தாம்பர வியாபாரி. குறிசொல்லும் ஆவி பிடித்திருந்த பெண் அடிமை (அவள் சபையில் சேர்ந்தாளா என்று லூக்கா சொல்லவில்லை). எயோதியாள், சிந்திகேயாள், எப்பாப்பிரோதீத்து எல்லாம் கிரேக்கப் பெயர்கள். அந்த ஊரில் பலர் குடியுரிமை இல்லாமல், கண்முன்னே குடியுரிமைக்காரர்களின் சலுகையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்கள். அவர்களிடம் "நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில்" என்று சொன்னால், ஏற்கெனவே பெரியவனாக இருப்பவனுக்குக் கூடுதல் பட்டம் கிடைத்ததாகாது. பதிவில் பெயரே இல்லாதவளுக்குப் பெயர் எழுதப்பட்டதாகும். 4:3-ல் "அவர்களுடைய நாமங்கள் ஜீவபுஸ்தகத்தில் இருக்கிறது" என்று அதே கடிதம் சொல்கிறது. இறந்தவர் வீட்டுவேலை செய்த அம்மாவாக இருந்தால் இந்தக் கோணம்தான் சரி.

பழைய_ஏடு · வியாழன், இரவு 10:48

மார்த்தாள் சொல்வது சரி. "காலனி" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். "ரோமர் குடியேறிய ஊர்" போதும்.

சீயோன்பயணி · வெள்ளி, காலை 6:15

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா பிரதர், கணவனை இழந்து உக்காந்திருக்கிற அம்மாவுக்கு கி.மு. 42 எதுக்கு? அவங்க மனசுல ஒரே கேள்விதான், "இப்ப அவர் எங்கே இருக்கார்?" உயிர்த்தெழுதல் என்னிக்கோ வரும். இன்னிக்கு ராத்திரி அவங்க தூங்கணும். அதனால பிலிப்பியர் 1:23, "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு, அது அதிக நன்மையாயிருக்கும்." லூக்கா 23:43, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." இதை முதல்ல சொல்லுங்க. பரலோகம் நம்ம வீடுன்னு சொல்றதுல என்ன தப்பு?

மேய்ப்பன்கோல் · வெள்ளி, காலை 7:20

தப்பே இல்லை பிரதர். இரண்டையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேதம் இரண்டு கட்டமாகப் பேசுகிறது. மரித்த விசுவாசி இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறார்: பிலி. 1:23, லூக்கா 23:43, 2 கொரி. 5:8. அது இளைப்பாறுதல், ஆனால் கடைசிக் கட்டம் அதுவல்ல. வெளிப்படுத்தல் 6:9-11-ஐப் பாருங்கள். பலிபீடத்தின்கீழ் இருக்கும் ஆத்துமாக்கள்கூட "எதுவரைக்கும்" என்று கேட்கிறார்கள், "இன்னுங்கொஞ்சக்காலம் இளைப்பாறவேண்டும்" என்று பதில் வருகிறது. பரலோகத்திலும் காத்திருப்பு உண்டு. சரீரம் எழும்போதுதான் கணக்கு முடியும்.

ஆகவே செய்தியின் தொடக்கத்தில், முதல் இரண்டு நிமிடத்திலேயே, "அவர் இப்போது கிறிஸ்துவோடு இருக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பிறகு 3:21-க்கு நகருங்கள். முதல் கட்டத்தோடு நிறுத்துவதுதான் பிழை, முதல் கட்டத்தைச் சொல்வது பிழையல்ல.

(மரித்தோர் உயிர்த்தெழும்வரை உணர்வற்று உறங்குகிறார்கள் என்று அட்வென்டிஸ்ட் சபையார் போதிப்பது தெரிந்ததே. பழைய வாதம் அது. சபைச் சீர்திருத்தவாதி கால்வின் எழுதிய முதல் இறையியல் நூலே அதற்கு எதிரானதுதான். அடக்கத்தன்று அந்த வாதத்தை யாரும் தொட வேண்டாம்.)

இன்னொன்று, பெரிய விஷயம். "பரலோகம் போனதற்கு அழக்கூடாது, சந்தோஷப்படணும்" என்று மேடையிலிருந்து அதட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சாவை ஆதாயம் என்று 1:21-ல் எழுதிய அதே பவுல், எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைப் பற்றி 2:27-ல் என்ன எழுதுகிறார்? "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் இரங்கினார் என்கிறார். தன் சாவு ஆதாயம், நண்பனின் சாவு துக்கத்தின்மேல் துக்கம். ஒரே கடிதம், இடையில் ஒரு அதிகாரம்கூட முழுதாக இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4:13-ம் துக்கிக்காதே என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதே என்றுதான் சொல்கிறது. இந்த 2:27-ஐ அடக்க ஆராதனையில் யாரும் எடுப்பதில்லை. எடுத்துப் பாருங்கள், பந்தலே நிமிர்ந்து உட்காரும்.

சீயோன்பயணி · வெள்ளி, காலை 7:41

2:27 நல்ல பாயின்ட் பிரதர், ஏத்துக்கிறேன். 1 தெச. 4-ஐ வெச்சு இரகசிய வருகையையும் (கிறிஸ்து தம் சபையை எடுத்துக்கொள்ள ரகசியமா வருவார்ங்கிற போதனை) சொல்லலாமே?

மேய்ப்பன்கோல் · வெள்ளி, காலை 7:55

வேண்டாம். "ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும்" என்று சொல்லும் வசனத்தில் இரகசியம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நேரம் அதிலேயே போய்விடும். அந்த அட்டவணை சபைக்குச் சபை மாறும். "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்பது மாறாது. அதை மட்டும் எடுங்கள்.

லூர்து_இல்லம் · வெள்ளி, காலை 11:10

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து சில குறிப்புகள். எங்கள் இறந்தோர் திருப்பலியின் முதல் தொடக்கவுரையில் இந்த இரண்டு கட்டமும் ஒரே மூச்சில் வருகிறது: வாழ்வு மாறுகிறது, அழிக்கப்படுவதில்லை, மண்ணுலக உறைவிடம் சிதைந்ததும் விண்ணகத்தில் நிலையான இல்லம் ஆயத்தமாகிறது. 2 கொரிந்தியர் 5:1-ன் எதிரொலி அது. தொழிலால் கூடாரம் செய்பவர் பவுல் (அப். 18:3). கூடாரம் எதனால் கிழியும், எத்தனை மழை தாங்கும் என்று தெரிந்தவர் எழுதிய உவமை. பிரசங்கிகள் "கூடாரம் கழன்றது" என்பதோடு நிறுத்துவார்கள். 4-ஆம் வசனம் களைந்துபோடுவதை விரும்பவில்லை என்கிறது, மேலே அணிந்துகொள்வதைத்தான் விரும்புகிறது. உடலை உதறுவது குறிக்கோளாக இருந்தால் பவுல் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

சரீரத்தைப் பற்றிய இந்த நம்பிக்கை நடைமுறையில் எங்கே தெரியும் என்றால், எரியூட்டுவது பற்றிய விதிகளில். 1963 முதல் எங்கள் திருச்சபை எரியூட்டலை அனுமதிக்கிறது. ஆனால் 2016-ல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல், சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவக்கூடாது, சாதாரணமாக வீட்டிலும் வைக்கக்கூடாது, புனிதப்படுத்தப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. அடக்கம் செய்வதையே பரிந்துரைக்கிறது. உயிர்த்தெழுதலின் கடவுளுக்கு எலும்பா சாம்பலா என்பது பிரச்சினை இல்லை. தூவும்போது இருப்பவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதே பிரச்சினை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள், உத்தரிக்கிற ஸ்தலத்து (விண்ணகம் சேருமுன் தூய்மையாகும் நிலை) ஆன்மாக்களுக்கான வேண்டுதல் இதெல்லாம் உங்கள் சபைகளில் கிடையாது. கலப்புக் குடும்பங்களில் அடக்கம் நடக்கும்போது இந்த இடத்தில்தான் உரசல் வரும். யார் முன்னின்று நடத்துவது, கல்லறையில் இறந்தவருக்காக மன்றாடுவார்களா, இருப்பவர்களுக்காக மட்டுமா என்பதைப் பெட்டி எடுப்பதற்கு முன்பே இரண்டு தரப்புக் குருக்களும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இளையபோதகன் · வெள்ளி, மதியம் 1:30

மிகவும் நன்றி. யோவான் 14:2 பற்றி யாரும் சொல்லவில்லையே. "அநேக வாசஸ்தலங்கள்" என்றதும் பந்தலில் எல்லாரும் தலையாட்டுவார்கள். விட மனசில்லை.

மார்த்தாள் · வெள்ளி, மதியம் 2:05

விடவேண்டாம். ஆனால் மாளிகை கட்டாதீர்கள். "உங்களுக்கு அங்கே பொன் மாளிகை, எனக்கு மூணு மாடி" என்ற பேச்சு எங்கே தவறுகிறது என்றால், இயேசு சொன்னது பல வீடுகளை அல்ல, ஒரு வீட்டை. பிதாவின் வீடு, அதற்குள் பலருக்கு இடம். தனித்தனிக் காம்பவுண்டு சுவர் அதில் இல்லை. 3-ஆம் வசனத்தில் வாக்குறுதியின் எடை "நான் இருக்கிற இடத்திலே நீங்களும் இருக்கும்படி" என்பதில் விழுகிறது. அதே அதிகாரம் 23-ல் திசை திரும்புகிறது: பிதாவும் குமாரனும் "அவனிடத்தில் வந்து அவனோடே வாசம்பண்ணுவோம்." நாம் அவரிடத்தில், அவர் நம்மிடத்தில். இந்த இரண்டையும் சேர்த்தால் ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

வெளிப்படுத்தல் 21-ன் அளவுகளிலும் இதே கதிதான். பன்னீராயிரம் ஸ்தாதி என்றால் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிவரை நேர்க்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். உடனே கால்குலேட்டரை எடுத்து ஒரு ஆத்துமாவுக்கு எத்தனை சதுர அடி என்று வகுத்தவர்கள் உண்டு. கனசதுரமாக இருப்பதுதான் அங்கே செய்தி. சாலொமோன் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம் (1 இராஜா. 6:20). வருஷத்துக்கு ஒருநாள் ஒரே ஒரு ஆசாரியன் நுழைந்த அறை அது. இப்போது நகரம் முழுவதுமே அந்த அறை. அதனால்தான் 22-ஆம் வசனத்தில் அங்கே தேவாலயம் இல்லை. அந்த நகரமும் மேலே போகவில்லை, "பரலோகத்தைவிட்டு இறங்கி" வருகிறது. 3-ஆம் வசனம், "மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது." பிலிப்பியர் 3:20-ன் திசையும் வெளி. 21-ன் திசையும் ஒன்றுதான்.

ஆனால் இதையெல்லாம் 12 நிமிடத்தில் திணிக்காதீர்கள். முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஏடு · வெள்ளி, மாலை 4:20

எபிரெயர் 11 கேட்டிருந்தீர்கள். அடக்கத்துக்கு அது அற்புதமான பகுதி. ஆனால் தனிச் செய்தியாக எடுக்க வேண்டும், பிலிப்பியரோடு ஒட்டாது. அதில் யாரும் தொடாத ஒன்று ஆதியாகமம் 23. எபி. 11:13 சொல்லும் "அந்நியரும் பரதேசிகளும்" என்ற அறிக்கையை ஆபிரகாம் எங்கே செய்கிறார்? மனைவியின் சடலத்தின் பக்கத்திலிருந்து எழுந்துபோய், கல்லறைக்கு இடம் கேட்கும்போது (23:4). தேசம் முழுவதும் உனக்கு என்று வாக்குப் பெற்றவர். அதில் அவர் விலைகொடுத்து வாங்கிய நிலம் மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும். விலை 400 சேக்கல் வெள்ளி, இன்றைய எடையில் நாலரைக் கிலோ பக்கம். எப்பெரோன் முதலில் சும்மா தருகிறேன் என்கிறான், ஆபிரகாம் மறுக்கிறார். பட்டணவாசலில் சாட்சிகள் முன்னிலையில், எல்லைக்குள் நிற்கும் மரங்கள் உள்பட உறுதிப்படுத்தி வாங்குகிறார் (23:17-18).

பரமதேசத்தை நாடினவர் பூமியில் விலைகொடுத்து இடம் வாங்கினார், அதுவும் அடக்கம் செய்வதற்கு. சாராள், பிறகு அவர், ஈசாக்கு, ரெபெக்காள், லேயாள், யாக்கோபு எல்லாரும் அங்கேதான். "நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை" (எபி. 13:14) என்பதை "இந்த மண் நமக்கு ஒரு பொருட்டில்லை" என்று புரிந்துகொள்ள இடமே கொடுக்காத பகுதி.

எபேசியர் 2:19-ஐயும் பக்கத்தில் வையுங்கள். அங்கே "இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்" என்று வருகிறது. முரண்பாடு கிடையாது. ஊரார் கணக்கில் பரதேசி, தேவனுடைய வீட்டுக் கணக்கில் வீட்டார். 1 பேதுரு எழுதப்பட்டதும் இப்படிப் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறிக் கிடந்தவர்களுக்குத்தான். அவர்களிடம் ஊரைவிட்டு ஒதுங்கு என்று அவர் சொல்லவில்லை. 2:12-ல் அங்கேயே நல்ல நடக்கையோடு இரு என்கிறார். எரேமியா 29-ல் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு வந்த கடிதமும் அப்படித்தான்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

கல்லச்சு · வெள்ளி, மாலை 6:00

கல்லறைக் கல் எழுதும் தொழிலில் இருந்து ரெண்டு வார்த்தை. ஐயர்மார் (போதகர்கள்) செய்தியில் உயிர்த்தெழுதலைப் பேசினாலும், கல்லில் வருவது "பரலோக வீட்டை அடைந்தார்" மட்டும்தான். குடும்பத்தார் அதைத்தான் எழுதித் தருவார்கள், சபையில் யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. பழைய கல்லறைத் தோட்டங்களில் "உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு" என்று எழுதிய கல் நிறையக் கிடைக்கும். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பதும் நல்ல வாசகம், நித்திரை என்றாலே எழும்புதல் உண்டு.

வசனம் போடுவதாக இருந்தால் இரண்டடிக்கு ஒன்றரையடிப் பலகையில் பெயர், தோற்றம், மறைவு போக இரண்டு வரிக்குத்தான் இடம். பிலி. 3:20-21 முழுதும் போட்டால் எழுத்து பொடிப்பொடியாகி நாலு மழையில் பெயின்ட் போய்விடும். வெட்டி ஆழமாக எழுதச் சொல்லுங்கள், லேசாகக் கீறிப் பெயின்ட் அடித்தால் நிற்காது. ஒரு வரி வேண்டுமானால் 21-லிருந்து "மறுரூபப்படுத்துவார்" வருகிற பகுதியை எடுங்கள். எண்ணைத் தமிழ் வேதாகமத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு எழுதித் தாருங்கள். அதிகார எண் மாறிப்போன கல் ஏராளம், வெட்டினபிறகு மாற்ற முடியாது.

பழைய வழக்கப்படி தலை மேற்கே, கால் கிழக்கே. எழும்பும்போது கிழக்கே பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். இடநெருக்கடியில் இப்போது வரிசை எப்படி இருக்கிறதோ அப்படித்தான்.

மார்த்தாள் · வெள்ளி, மாலை 6:35

கல்லறைத் தோட்டம் என்றதும் சொல்லியே ஆகவேண்டும். பரலோகத்தில் ஒரே குடியிருப்பு என்று பிரசங்கித்துவிட்டு, தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம், நடுவில் சுவர். தமிழ்நாட்டில் இது இன்னும் உண்டு, கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் வித்தியாசம் கிடையாது. பிலிப்பி ஊரின் கல்லறைக் கல்வெட்டுகளிலும் வகித்த பதவிகளை வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். அந்த ஊருக்கு எழுதும்போதுதான் பவுல் தன் பட்டியலை (எட்டாம்நாள் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன்) அடுக்கிவிட்டு, எல்லாவற்றையும் குப்பை என்கிறார் (3:5-8). 3:20 வருவது அந்தப் பட்டியலுக்குப் பிறகு. அடக்கத்தில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பு பத்து நிமிடம் ஓடி, வகித்த பதவியெல்லாம் முடிந்தபின் இந்த வசனத்தை எடுத்தால் பிரசங்கி என்ன செய்ய முடியும்? குறிப்பை நாலு நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லி முன்கூட்டியே குடும்பத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளையபோதகன் · வெள்ளி, இரவு 8:15

எல்லாவற்றையும் வைத்து இப்படி அடுக்கியிருக்கிறேன். முதலில் இறந்தவர் பெயரைச் சொல்லி, 1:23 - இப்போது கிறிஸ்துவோடு (2 நிமிடம்). அடுத்து 2:27, துக்கத்துக்கு இடம் உண்டு (1½). பிலிப்பி பின்னணி (1½). 3:20, அங்கேயிருந்து வருகிறார் (2). 3:21, இந்தச் சரீரம் (4). ஜெபத்துக்கு முன் யோவான் 14:3 ஒரே வாக்கியம். பாஸ்போர்ட்-விசா உதாரணம் ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன். கிறிஸ்தவரல்லாதவர்களுக்குத் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமா? கடைசியில் இரட்சிப்பின் அழைப்பு கொடுக்கலாமா?

மேய்ப்பன்கோல் · வெள்ளி, இரவு 8:50

வரிசை சரி. விசாவை எடுத்தது நல்லது. விசா போகிறவனுக்கு, இந்த வசனம் வருகிறவரைப் பற்றியது.

கிறிஸ்தவரல்லாதவர்கள் வைகுண்ட பதவி, சிவலோக பதவி என்று அஞ்சலி அட்டைகளில் பார்த்துப் பழகியவர்கள். பரலோகம் என்றதும் அதே வரிசையில் வைத்துப் புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய நம்பிக்கையைத் தாழ்த்தி ஒரு வார்த்தையும் வேண்டாம். நம்முடையது என்ன என்று மட்டும் சொல்லுங்கள்: "இந்தச் சரீரத்தை, இதே ஆளை, கிறிஸ்து எழுப்புவார் என்று நாங்கள் நம்புகிறோம். அதனால்தான் இவ்வளவு மரியாதையோடு மண்ணில் வைக்கிறோம்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் அழைப்பு வேண்டவே வேண்டாம். இறந்தவர் எங்கே போனார் என்று தீர்ப்புச் சொல்வதும் நம் வேலையில்லை, குறிப்பாகச் சபைப்பக்கம் வராதவரின் அடக்கத்திலும் தற்கொலை நடந்த வீட்டிலும். அப்படிப்பட்ட இடங்களில் 1:23-ஐ இறந்தவர்மேல் வைத்துச் சொல்லாமல், கிறிஸ்துவின் இரக்கத்தைச் சொல்லிவிட்டு 21-க்குப் போய்விடுங்கள். குழந்தை இறந்த வீடாக இருந்தால் "தேவதூதனாயிட்டான்" என்று சொல்லாதீர்கள். மனுஷர் தூதராக மாறுவதாக வேதத்தில் எங்கும் இல்லை, அந்தத் தாய்க்கு வேண்டியது தன் பிள்ளைதான், தூதன் அல்ல.

இளையபோதகன் · வெள்ளி, இரவு 9:02

கல்லறையருகே மறுபடியும் பேச வேண்டியிருக்குமா?

மேய்ப்பன்கோல் · வெள்ளி, இரவு 9:10

வேண்டாம். வெயிலில் நிற்பார்கள், பெட்டி இறக்குகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆராதனை முறையில் உள்ள வாசகத்தை மட்டும் வாசியுங்கள்; "மண்ணுக்கு மண்" என்பதோடு உயிர்த்தெழுதலின் நிச்சயமான நம்பிக்கையும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. மண் போடும் சத்தத்தில் இரண்டாம் பாதி காதில் விழாமல் போய்விடும். அதனால் முதல் பிடி மண் போட்டதும் ஒரு நொடி நிறுத்திவிட்டு, மீதியைச் சத்தமாக வாசியுங்கள். மைக் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.